பழைய மணிக்கு ஓடும் பஸ்

பஸ் தொழிலைக் கெடுப்பது கரியுமில்லை, டயருமில்லை. பஸ்ஸிலேயே ஏறாமல் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற ஆசாமிதான். பெர்மிட் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஐயா, உங்களைத்தான் சொல்லுகிறேன். பெயர் எழுதவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும். என் பஸ் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேருவதற்கு நீங்கள் ஒருவர்தான் காரணம். மற்றபடி, பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்த வாசகர்களே, நீங்கள் என் கட்சி. கேளுங்கள்.

நேராக வந்த துட்டு

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு கழற்றிவிட்டது. உடன்குடிக் கருப்பட்டியைத் தலையில் சுமந்து விற்று, பேரம் பேசி அடி வாங்கி, பேரம் பேசியே நிமிர்ந்தவன் நான். பழைய பஸ் ஒன்று விலைக்கு வந்தபோது கையில் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிக்குப் பங்கு சேர்க்கப் புறப்பட்டேன். மூன்று பேர் அகப்பட்டார்கள்: கருப்பட்டி மண்டி பொன்னையா அண்ணாச்சி, தோணிக்காரர் சந்தியாகு, ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காரர் ஒருவர்.

மண்டித் தரையில் கரித்துண்டால் ரோடு வரைந்து காட்டினேன். இங்கே புதுக்கோட்டை, அங்கே துறைமுகம், நடுவில் ஒரே கோடு. பஸ் தம் மண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அண்ணாச்சி கோட்டை வடக்கே இழுத்தார். மாதா கோயில் வழியாகப் போகட்டும் என்று சந்தியாகு தெற்கே இழுத்தார். வயல்காரர் தம் ஊருக்கே இழுத்துக்கொண்டு போனார். தரை போதாமல் கோடு சுவரில் ஏறியது. "ஏன்யா, இது பஸ் ரோடா, இடியாப்பமா?" என்று கத்தினேன். பொன்னையா அண்ணாச்சி வாயிலிருந்த கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ரோட்டை வளைச்சுக்கிடலாம்லே, எங்க துட்டு நேராத்தான வந்திருக்கு?"

அடுப்பு வண்டி

மண்டி வாசலுக்கும் மாதா கோயிலுக்கும் இணங்கி, ஆழ்வார்திருநகரியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, வண்டியை ஓட்ட ஆரம்பித்தேன். யுத்த காலம், பெட்ரோலைக் கண்ணால் காண்பதே அபூர்வம். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓடுகிற வண்டி. மேடு வந்தால் நிற்கும், மழை வந்தால் நிற்கும், எருமை முறைத்துப் பார்த்தாலும் நிற்கும்.

ஒருநாள் மத்தியானம் பாதி வழியில் நின்றுவிட்டது. என்னைவிட மூத்தவரான கண்டக்டர் சுடலைமுத்து அடுப்பை விசிறினார். நான் பக்கத்தில் நின்று, வண்டியைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் ரோசம்மாள் இறங்கி வந்தாள். கூடையிலிருந்து நாலு சாளையை எடுத்து அடுப்பு மூடியின் மேல் பரப்பினாள். வாசனை கிளம்பியதும், கோபித்துக்கொண்டு நடையைக் கட்டியவர்கள்கூடத் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினாள்: "வஞ்சது போதும், தின்னும் அண்ணாச்சி. வண்டி ஓடலேன்னாலும் சாளை வெந்துட்டுல்லா."

பொழுது பிந்திய நாள்

என் பஸ்ஸின் உயிர் மீனிலும் இல்லை, கருப்பட்டியிலும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நாற்பது பேரிடம் இருந்தது. காலை ஆறுக்கு எடுத்தால் ஏழே காலுக்குத் துறைமுகம். ஏழரைக்குச் சங்கு ஊதி கேட்டை மூடுவார்கள். எல்லாம் பொருந்தியிருந்தது. அப்போதுதான் சர்க்கார் யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. நேற்று ஆறாக இருந்தது இன்று ஏழு. துறைமுகம் உடனே புது மணிக்கு மாறியது. நானும் மாறப் போனேன். ஐயாவிடமிருந்து காகிதம் வந்தது: பெர்மிட்டில் இருக்கும் ஆறு பழைய மணி ஆறு, திருத்த உத்தரவு வரும்வரை ஒரு நிமிஷம் முந்தி எடுத்தாலும் பெர்மிட் ரத்து.

பழைய ஆறுக்கே எடுத்தேன். துறைமுகத்தில் புது மணி எட்டே கால். கேட் பூட்டி முக்கால் மணி நேரமாகியிருந்தது. நாற்பது பேருக்கும் அன்று கூலி போயிற்று. சட்டையைப் பிடிப்பார்கள் என்று முஷ்டியை மடக்கிக்கொண்டே இறங்கினேன். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த மாடசாமி, பூட்டைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான்: "எப்பவும் நாங்கதான் பிந்தி வருவோம் அண்ணாச்சி, இன்னைக்குப் பொழுதே பிந்தி வந்திருக்கு!"

ஆபீஸ் கடிகாரம்

மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் நாற்பது பேரும் இருட்டோடு எழுந்து நடந்தே போனார்கள். என் பஸ்ஸில் நானும் சுடலைமுத்துவும் ஒரு கோழிக்கூடையும். மாதக் கடைசிக்குள் நேரம் மாறாவிட்டால் பங்கைப் பிரித்துக்கொள்வோம், வண்டியை விற்றுவிடும் என்று பங்காளிகள் மூவரும் சொல்லிவிட்டார்கள்.

ஆபீசுக்கு ஓடினேன். ஐயா ஊரில் இல்லை. குமாஸ்தா தலைக்கு மேல் பெரிய கடிகாரம்; அதுவும் புது மணி! விட்டேனா? "உமக்கு மட்டும் புது மணி, என் பஸ்ஸுக்கு மட்டும் பழைய மணியா? சாப்பாட்டுக்கு எந்த மணிக்கு எழுந்திருப்பீர்?" என்று மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன், மைக்கூடு துள்ளியது. குமாஸ்தா மைக்கூட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, மகா சாந்தமாகச் சொன்னார்: "இது ஆபீஸ் மணி ஓய், பஸ் மணி ஃபைலுக்குள்ள இருக்கு."

சோதனை ஓட்டம்

சுடலைமுத்து ஒரு யோசனை சொன்னார். கரி வண்டியைச் சோதனைக்காக எந்த நேரமும் ஓட்டிப் பார்க்கலாம். பயணிகள்தான் ஏறக் கூடாது. நின்றால் தள்ளுவதற்கு ஆள் ஏற்றிக்கொள்ளலாம். எத்தனை ஆள் என்று சட்டத்தில் இல்லை! மறுநாள் புது மணி ஆறுக்குச் சோதனை ஓட்டம் கிளம்பியது. தள்ளுகிற ஆட்கள் நாற்பது பேர். டிக்கெட் கிடையாது, மனமிருந்தால் போடலாம் என்று ஒரு தகர டப்பா.

தூத்துக்குடி எல்லையில் மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். "யார் இவ்வளவு பேரும்?" "தள்ள வந்த ஆளுக சார்." அவர் மீசைக்குள் சிரித்தார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எங்கே, தள்ளட்டும் பார்க்கலாம்" என்றார். நாற்பது பேர் இறங்கினார்கள். ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள் பாருங்கள், என் வண்டி பிறந்ததிலிருந்து அந்த வேகம் போனதில்லை! நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவர, டீக்கடைக்காரர்கள் கைதட்ட, சங்கு ஊதுகிற நொடியில் துறைமுக கேட்டில் போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிடித்தபடி இறங்கி, இனிச் சோதனை ஓட்டமும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கேட்டுக்குள் ஓடிக்கொண்டே மாடசாமி திரும்பிக் கத்தினான்: "அண்ணாச்சி, துட்டுப் போட்டவன் தள்ளுதான், ஓசில வந்தவரு உக்காந்து வாராரு, இதுதான் உம்ம பஸ்ஸா?"

ஆகவே ஐயா, மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கரியில் ஓடும் வண்டியை நாற்பது பேர் சேர்ந்து தள்ளிவிடலாம், உங்கள் பேனாவைத் தள்ள உங்களை விட்டால் ஆளில்லை என்பதால், அந்த 'ஆறு'க்குப் பக்கத்தில் 'புது மணி' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டுத் தொலையும்.