மௌனப் படத்துக்கு நான் பேசிய வசனம்

அந்தப் படத்தை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பேசும் படங்களின் பின்னால் உலகமே ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வெளியான மௌனப் படம் அது. வெளிநாட்டுக் காதல் கதை. டிராம் வண்டி நடத்துநர் ஒருவன். சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி. தினமும் காலையில் அவன் வண்டியில் அவள் ஏறுவாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவிக்குள் அவள் முகம் மறைந்து மறைந்து தெரியும். நெரிசலில் அவளுக்கு இடம் விட்டு அவன் தோளைச் சுருக்கிக்கொள்வான். காதலை அத்தனை கூச்சத்தோடு காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகளும் மிகக் குறைவு. சலவை நிலையத்தின் பின்கட்டில் அவன் அவளிடம் நீண்ட நேரம் பேசுகிறான், அட்டையே வராது. அவள் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

அப்போது விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் மண்ணைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். முதுநிலைப் பட்டம் பெற்றவன் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. என் மனைவி அங்கேயே ஓர் ஆலையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை செய்தாள். பக்கத்தில் மண்ணும் கல்லும் அரைக்கும் உருளைகள் நாள் முழுதும் ஓடும். காதருகே கத்தினாலும் கேட்காது. அங்கிருந்த பெண்கள் குரலை விட்டுவிட்டு முகத்தாலேயே பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டை, மதியக் குழம்பு, கண்காணிப்பாளர் மேல் கேலி, எல்லாம் அப்படித்தான்.

நண்பர்களோடு சேர்ந்து நான் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினேன். ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு படம். ஆங்கில அட்டைகளை மைக்கில் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அட்டை இல்லாத அந்தக் காட்சி வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "என்னை மறந்துவிடு, நான் ஊரைவிட்டுப் போகிறேன்" என்று நானே ஒரு வசனத்தைக் கட்டி, குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அவன் அப்புடிச் சொல்லலைங்க. நீயும் கூட வர்றியான்னு கேக்குறான். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க, பயந்துக்கிட்டே சிரிக்குது."

முன்வரிசையில் ஒருவர், "சார், மைக்க அவங்ககிட்டயே குடுத்துடுங்க. நீங்க போயி எல்லாருக்கும் டீ வாங்கியாங்க!" என்றார். மண்டபம் சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. மைக்கிலேயே சொன்னேன்: "மன்னிக்கணும். மில்லு சத்தத்துல கெடந்து மூள மரத்துப்போச்சு. கைப்பிடி ஒட்டுறவங்களுக்குப் படம் எங்க புரியப்போவுது?"

முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. அவளோடு வேலை செய்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சியோடு படமும் நின்றுவிட்டது. எங்களுக்கு வந்த பெட்டியில் கடைசிச் சுருள் இல்லை. யார் சொன்னது சரி என்று தெரியாமலே எல்லோரும் வீடு திரும்பினோம். அதன்பின் அவள் என்னோடு எந்தப் படத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேல இருக்குது" என்பாள். நானும் பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அதே படம் முழுதாக இணையத்தில் கிடைத்தது. தனியாகப் பார்த்தேன். பின்கட்டுக் காட்சிக்கு அடுத்து டிராம் நிறுத்தம். அவன் சீருடை இல்லாமல் நிற்கிறான். கையில் அவனுடைய பெட்டி, தோளில் அவளுடைய மூட்டை. இருவரும் பயணிகளாக ஏறிப் போகிறார்கள்.

என் மனைவி சொன்னதுதான் சரி.

கூடத்தில் அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். இப்போது அவளுக்குக் காது அநேகமாகக் கேட்பதில்லை. எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன்.

"எந்தப் படம்?" என்றாள்.

கதையைச் சொன்னேன்.

"படம் ஞாபகம் இல்லைங்க. நீங்க மைக்குல சொன்னது ஞாபகம் இருக்குது. மறுநாளு ஷெட்டுல எல்லாரும் என்னயப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தியும் ஒண்ணும் கேக்கல."

"தப்புதான். மன்னிச்சுடு."

"ஊரே கேக்க மைக்குல சொன்னீங்க. இப்ப வூட்டுக்குள்ள, மல்லாட்டத் தோலுக்கு நடுவுல குந்திக்கிட்டு எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்றீங்க."

குரலில் கோபம் இல்லை. மன்னித்ததாகவும் தெரியவில்லை. படத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். "மொதல்ல ஊருக்குச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்," என்று அடுத்த பிடியை முறத்தில் அள்ளிப் போட்டாள்.

அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. மீதிப்பேரை எங்கே தேடுவது? அதனால் இந்த இதழில், அச்சில் சொல்கிறேன். அந்தக் காட்சியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் மண்டபத்தில் ஒரே ஒருவர்தான், என் மனைவி. என் வசனம் பொய். திருத்தியவளை அவள் தொழிலைச் சொல்லி அவமானப்படுத்தியது, என் படிப்புக்குக் குறைவு வந்துவிடுமோ என்ற பயத்தில்.

இதழ் வந்ததும் அவள் கையில் கொடுப்பேன். படித்துவிட்டுப் படம் பார்க்க வருவாளா, தெரியாது.