குசினி அடுப்பின் பழைய நேரம்

கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு மின்னடுப்பிலுள்ள மணிக்கூடு வருடத்தில் ஐந்து மாதம்தான் சரியான நேரம் காட்டும். மார்ச் கடைசி ஞாயிறு ஜெர்மனி முழுவதும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும்போது அது மட்டும் அசையாது. மாற்றும் விதம் எழுதிய புத்தகம் தொலைந்துவிட்டது. கடையில் போய்க் கேட்க எனக்குக் கூச்சம்.

அப்படியொரு ஞாயிறில்தான் மகள் மதுராவுக்கும் அவள் விரும்பிய ஜெர்மன் பெடியனுக்கும் மோதிரம் மாற்ற வைத்திருந்தோம். நாலரைக்கு இராகு காலம். அதற்குமுன் மோதிரம் ஏறாவிட்டால் கலியாணத்தையே யோசிக்க வேண்டும் என்று மனைவி வசந்தி சொல்லிவிட்டாள். ஆகவே நாலு மணிக்குச் சடங்கு. எங்கள் சனம் பிந்தி வரும் என்பதால் எல்லோருக்கும் மூன்று என்று சொன்னேன். அதே வாயால் சம்பந்தி வீட்டுக்கும் மூன்று என்றே சொல்லிவிட்டேன்.

அடுப்பில் இரண்டு மணி. நேரம் மாறியதை மறந்து, சாறத்தோடு வடை தட்டிக்கொண்டிருந்தேன். அழைப்புமணி அடித்தது. வாசலில் சம்பந்தி ஹெல்முட், மனைவியோடும் மகனோடும், கையில் பூங்கொத்து.

“நேரத்துக்கு முன்னே வந்துவிட்டோமா?”

“நைன், நைன்” என்று மறுத்து, இடுப்பில் சாறத்தை இறுக்கிக்கொண்டேன்.

வாசனை பிடித்துக் குசினிக்கே வந்தவர், அடுப்பு மணிக்கூட்டைத் திருத்த விரலை நீட்டினார். வடை கருகிவிடும் என்ற பயத்தில், “ஷ்பேட்டர், ஷ்பேட்டர்” என்று பிறகு பார்க்கலாமெனத் தடுத்தேன்.

பேச ஒன்றும் வராததால், இந்த நேரத்தை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். முதலாம் உலகப்போரில் தொடங்கியதாம். மாலை வெளிச்சம் நீண்டால் விளக்கு குறையும், நிலக்கரி மிஞ்சும். பிறகு விட்டுவிட்டு, எண்பதாம் ஆண்டில் திரும்பக் கொண்டுவந்தார்களாம். மிஞ்சியதா என்றேன். உதட்டைப் பிதுக்கினார். “என் தாத்தா இந்த ஊர்ச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கீழே எப்போதும் இருட்டு. அவரும் மணிக்கூட்டைத் திருப்பினார்.”

எனக்குத் தொண்ணூற்றாறாம் ஆண்டு நினைவு வந்தது. மின்சாரத் தட்டுப்பாடு என்று இலங்கை அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கோ போரால் பல வருடமாக மின்சாரமே இல்லை. குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டைத் திருப்பினோம். அரைகுறை ஜெர்மனில் இதைச் சொன்னதும் ஹெல்முட் சிரித்த சிரிப்பில் வடை புரையேறிவிட்டது.

வரவேற்பறை மணிக்கூட்டில் நாலு மணியாயிற்று. தட்டெடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமனைக் காணவில்லை. வசந்தி தம்பிக்குப் போன் எடுத்தாள்.

“எங்க நிக்கிறாய்?”

“வெளிக்கிட்டிட்டம் அக்கா, வழியில நிக்கிறம்!” பின்னால் யாரோ குளிக்கும் சத்தம்.

அவன் வந்தபோது நாலு நாற்பது. வசந்தியின் கண் கலங்கியது. “போச்சு, எல்லாம் போச்சு.” மதுரா மோதிரப் பெட்டியை மூடினாள்.

சபையில் வாய் திறந்தறியாத நான் சொன்னேன்: “எல்லாரும் குசினிக்கு வாங்கோ. அடுப்பைப் பாருங்கோ.”

மூன்று நாற்பது.

“அரசாங்கம் தள்ளினதுக்காகச் சூரியன் தள்ளிப் போகேல்லை. இராகு பழைய நேரத்திலதான் வருவார்.”

“அத்தான் சொல்லுறது சரி. அதுதான் நானும் அவசரப்படாம ஆறுதலா வந்தனான்” என்றான் மைத்துனன்.

“நீ வாயை மூடு” என்று கண்ணைத் துடைத்த வசந்தி, தட்டை அவன் கையில் திணித்தாள்.

வடைச்சட்டிக்குப் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால் மோதிரம் ஏறியது.

புறப்படும்போது ஹெல்முட் மறுபடியும் அந்த மணிக்கூட்டைத் திருத்தப் போனார். வசந்தி ஓடிப்போய் அடுப்பை மறைத்து நின்றாள்.

இப்போது பேருந்துக்குப் போக வரவேற்பறை மணிக்கூட்டைப் பார்க்கிறேன். ஊருக்குப் போன் எடுக்க அடுப்பைப் பார்த்து நாலரை மணித்தியாலம் கூட்டிக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையில் ஐந்தடி நடை. தேநீர்க் கோப்பையோடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒரு மணித்தியாலம் போய் ஒரு மணித்தியாலம் வருகிறேன்.