மிஸ் எக்ஸ் என்று நான் எழுதிய கேஸ்

எம்.ஏ. முதல் வருடம் அப்நார்மல் சைக்காலஜி ஆரம்பித்த வாரமே எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வியாதி வந்துவிட்டது. பாடத்துக்கு ஒன்று. வீட்டுக்குப் போனால் அப்பா, அத்தை, மளிகைக்கடைக்காரர் என்று யாரையும் ஒரு வியாதி கண்டுபிடிக்காமல் விடமாட்டோம். இந்தக் கூத்தில் சேராத ஒரே ஆள் ஸ்டெல்லா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சரின் மகள். எனக்கு உயிர்.

நான் குரோம்பேட்டையில் ஏறுவேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் அவள் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். அப்படி ஒருநாள்தான் சொன்னாள். வீட்டைப் பூட்டிவிட்டு ஏழு தடவை திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாளாம். அதற்காகவே அரைமணி முன்னால் கிளம்புவாளாம். வேறு யாருக்கும் தெரியாது.

செமஸ்டர் முடிவில் ஒரு நோயாளியைப் பார்த்துப் பேசி எழுதிய கேஸ் ரெக்கார்ட் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒதுக்கிய நோயாளி, நான் இரண்டாம் முறை போவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். திங்கட்கிழமை சப்மிஷன். ஸ்டெல்லாவை எழுதினேன். பெயருக்குப் பதில் மிஸ் எக்ஸ், ஊர் வேலூர், வயதில் இரண்டு கூட்டல். எல்லாம் முறைப்படி செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சார் அதை நல்ல ரெக்கார்ட் என்று வகுப்பில் வாசித்தார். ஏழு தடவை என்று வந்தபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் ஸ்டெல்லா அசையவே இல்லை. எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது.

மாலை பிளாட்பாரத்தில் மன்னிப்புக் கேட்டேன். உன் பேரைப் போடவில்லையே என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"நான் உன்கிட்டதானடி சொன்னேன்," என்றாள். "சைக்காலஜி ஸ்டூடன்ட்கிட்ட சொல்லல."

மறுநாளிலிருந்து வேறு வண்டியில் போனாள். அடுத்த வருடம் படிப்பையே விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதப் போய்விட்டாள். எங்களில், நான் இன்று பார்க்கும் இந்த மனநல ஆலோசகர் வேலைக்கு உண்மையிலேயே பொருத்தமானவள் அவள்தான்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருத்தியே போதுமாக இருந்தது. அவளைப் போல் ஒரு சிநேகிதி அப்புறம் அமையவில்லை. இன்றும் ஏங்குகிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேனாவைத் திறக்கும் முன் "எழுதிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் மூடி வையுங்கள். ஸ்டெல்லாவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ரெக்கார்ட் இல்லாமல் நான் ஃபெயில் ஆகியிருப்பேன். ஃபெயிலாகி, அன்று மாலை அவளோடு வீடு திரும்பியிருப்பேன்.