சிரப்பு எழுதித் தராத டாக்டர்

போன மழைக்காலத்தில் நடந்தது. பாறசாலைக்குப் பக்கத்தில், கொல்லயிலில் இருக்கிறோம். யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு இடது காதில் அடிக்கடி சீழ் வடியும். டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் சிரப்பை வேளை தவறாமல் கொடுத்து, பாட்டிலை முடிப்பேன். காது காய்ந்துவிடும். ‘மாறிச்சு’, குணமாகிவிட்டது என்று நிம்மதியாவேன். கொஞ்ச நாளில் தலையணை உறையில் மறுபடியும் கறை. குளிப்பாட்டும்போது தண்ணீர் போய்விட்டதோ, துடைத்த துணி சரியில்லையோ என்று என்னையே குடைந்துகொள்வேன்.

“இது சோறு தின்னு வளருத பிள்ள இல்ல, சிரப்பு குடிச்சு வளருத பிள்ளையாக்கும்” என்று கணவர் கேலி செய்வார். ஒருநாள் அவர் பின்னாலிருந்து கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அன்று அவரும் சிரிக்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. எங்கள் பக்கத்துப் பேச்சு. “இன்னும் வீரியமான சிரப்பு எழுதுங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் மாறிட்டுத்தான் திரும்ப வருது” என்றேன்.

“மாறல்ல மக்கா. ஒளிச்சிருந்ததாக்கும்.”

காதுக்குள் சிறிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். செவிப்பறையில் ஒரு ஓட்டை. இப்படிப்பட்ட இடத்தில் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளுமாம். வெளியே திரிபவை சிரப்பில் செத்துவிடும். படலத்துக்குள் இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

“கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டா தண்ணி தெளியும். சுவருல உள்ள பாசி போவுமா? தேய்ச்சாத்தான் போவும்” என்றார்.

சிரப்பு எழுதவில்லை. உறிஞ்சுகுழாயால் காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து விட வேண்டும், தண்ணீரோ எண்ணெயோ உள்ளே போகக் கூடாது, சில வாரம் தொடர்ந்து வர வேண்டும் என்றார். ஓட்டை மூடாவிட்டால் பிறகு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் எனக்கு மனசு கேட்கவில்லை. “பழைய சீட்டக் காட்டி அந்தச் சிரப்பையும் வாங்குவமா?”

“அப்போ இவ்வளவு தூரம் எதுக்கு வந்தோம்?” என்றார் கணவர்.

வாங்கவில்லை. ஆனாலும் தப்பு செய்கிறோமோ என்ற பயம் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயின் இரைச்சலுக்கு மகள் துள்ளுவாள். மடியில் இருத்தி, தலையை மார்போடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்வேன். “அம்மா, நீ விடு. நான் தனியா வீட்டுக்குப் போறேன்” என்று அழுவாள்.

மெல்லக் காது காய்ந்தது. ஓட்டை மூடி வருகிறது என்று டாக்டர் சொன்னபோதும் நான் முழுதாக நம்பவில்லை. ஒரு சாயங்காலம் அடுக்களையில் கணவரிடம், “முறுக்கு டப்பாவ மேல வச்சிருக்கேன், பிள்ளைக்குத் தெரியாண்டாம்” என்று கிசுகிசுத்தேன்.

“எனக்குக் கேட்டாச்சு” என்றது பக்கத்து அறையிலிருந்து குரல்.

மருந்து ஊட்டுவது மட்டுமே கவனிப்பு என்று நினைத்திருந்தேன். அழுகிற பிள்ளையை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு இருப்பதும் கவனிப்புதான் என்று அந்த மழைக்காலம் எனக்குச் சொல்லித் தந்தது.