திருவிடந்தை வீட்டில் ஒழுகிய கீசர்

கீசருக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது, அதுவும் துரு கலரில் ஒழுகுகிறது என்று திருவிடந்தையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு எங்கள் சர்வீஸ் ஆபீசுக்குப் புகார் வந்தது. முகவரி எனக்குத் தெரிந்ததுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குச் சர்வீஸுக்குப் போனவன் நான்தான்.

அது ஸ்டெல்லாவின் வீடு. அவர் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கணவர் அந்தோணி, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தினமும் காலையில் வெந்நீர் ஊற்றுங்கள், விறைப்பு தளர்ந்த பிறகு கையை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால்தான் அந்தக் கீசரையே வாங்கினார்கள்.

நான் போனபோது அந்தோணி பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் இவரால வந்தது அண்ணாத்த," என்றார் ஸ்டெல்லா. "நேத்து நா டூட்டிக்குப் போய்ட்டேன். காலைல போட்ட சுவிச்ச சாயங்காலம் வரைக்கும் இவரு அணைக்கல. டேங்கு வெந்து ஓட்ட வுழுந்துட்ச்சி."

"மறந்துட்டேன்..." அந்தோணிக்கு வாய் குழறியது. "நாந்தான்."

மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கீழ்த் தட்டின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். உப்புக் காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தட்டை இறக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனோடு ராடு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி மட்டும் தொங்கியது.

இந்த ராடு மெக்னீசியத்தால் ஆனது. தண்ணீரில் இருக்கும் உப்பு, டேங்கின் இரும்பை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் அரிக்கும். ராடு தீர்ந்துவிட்டால், உள்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், அங்கிருந்து துரு பிடிக்க ஆரம்பிக்கும். கடலோரத்து போர் தண்ணீரில் ராடு சீக்கிரமே கரையும். அதனால்தான் சர்வீஸில் அதைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பும் அந்தப் போல்ட்டுகள் இறுகித்தான் இருந்தன. அன்றைக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. பலமாகத் திருகினால் உடைந்துவிடுமோ என்று பயந்து, திறக்காமலேயே சர்வீஸ் கார்டில் 'ராடு ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"சுவிச்சுதானே அண்ணாத்த காரணம்?" ஸ்டெல்லா கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். இருவருமே ஏற்கெனவே அதை நம்பிவிட்டார்கள். அந்தோணி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. சூடு ஏறினா தெர்மோஸ்டாட் தானா கட் பண்ணிடும். அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னுது," என்றேன். கம்பியைக் காட்டி, பார்க்காமல் எழுதியதைச் சொன்னேன்.

ஸ்டெல்லா அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பாக்காமலே ஓகேன்னு எழுதிட்டியா? நேத்துலேர்ந்து இந்த மனுசனை நா இன்னா பேச்சு பேசினுகீறேன் தெரியுமா? ராத்திரி சோறுகூட துன்னல அவரு." குரல் உடைந்தது. "எங்கிட்ட சொல்லாத. அவராண்ட சொல்லு."

அந்தோணியின் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் இடது கையால் என் தோளைப் பிடித்து, "அப்ப... நா இல்ல?" என்று கேட்டார்.

"நீங்க இல்லண்ணே."

மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

ஆபீசில் மேனேஜர் கொதித்தார். "கார்டுல ஓகேன்னு கீது. தண்ணி உப்பு, வாரண்டி கிடையாதுன்னு முடிச்சிருப்பேன். உன்ன யாருய்யா வாயத் தொறக்கச் சொன்னது?"

நான் ராடைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அவரால் வாரண்டி கிடையாது என்று சொல்ல முடியவில்லை. மூன்று நாள் கழித்துப் புது டேங்க் போனது. எனக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் ஃபீல்டுக்கு அனுப்பாமல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள்.

டேங்க் வரும்வரை, டூட்டிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய், அடுப்பில் கொதித்த வெந்நீர்க் குண்டானைக் குளியலறைக்குத் தூக்கிக் கொடுத்தேன். முதல் நாள் ஸ்டெல்லா என்னிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் டீ கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடலோர வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது தட்டை இறக்கி ராடைப் பாருங்கள். போல்ட் உடைந்தால் வேறு போல்ட் போட்டுக்கொள்ளலாம். திறக்கவே முடியாவிட்டால், திறக்க முடியவில்லை என்று எழுதுங்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு நாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அதற்கான திட்டை அந்த வீட்டில் யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பார்.