லிஃப்டில் ஒட்டிய அறிவித்தல்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிஃப்டில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவித்தலைப் படமெடுத்தேன். நம்மவர்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

அந்த நேரம் பார்த்து, அதை எழுதிய குடியிருப்பாளர் சங்கத் தலைவரே உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, எங்கட இங்கிலீஷைப் பகிடி பண்ணப் போறீரோ?"

"இல்லை அங்கிள், நான் பிழை பிடிக்கிறதில்லை. எல்லா ஃபிளாட் நோட்டீசும் ஒரே மாதிரித்தான் போகும். முதல்ல அன்பாக் கூப்பிடுவினம். பிறகு பேர் சொல்லாமல் 'சிலர்' எண்டு ஏசுவினம். பிறகு வெருட்டுவினம். கடைசியில ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லுவினம். அது ஏன் எண்டுதான் பாக்கிறன்."

"இதெல்லாம் ஒரு படிப்போ? டிலீட் பண்ணும் அதை!"

"மாட்டன் அங்கிள். எல்லாரும் வாசிக்கத்தானே ஒட்டினனீங்கள்?"

பின்னேரம் திரும்பி வந்தால் புது அறிவித்தல் ஒன்று. அன்பார்ந்த குடியிருப்பாளர்களே என்று தொடங்கி, சிலர் அறிவித்தல்களைப் படமெடுப்பதாகக் குறைபட்டு, கடும் நடவடிக்கை என்று மிரட்டி, ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தார். வரிசை கொஞ்சமும் பிசகவில்லை.

அதையும் நின்று நிதானமாகப் படமெடுத்தேன்.

அன்பார்ந்த நண்பர்களே, உங்கள் லிஃப்டில் ஒட்டியிருப்பதையும் எடுத்து அனுப்புங்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் போவது தெரியும். அனுப்பாதவர்களின் பெயர் இங்கே வெளியிடப்படும்.

ஒத்துழைப்புக்கு நன்றி.