கோபுரத்து ஆள் சாப்பிடப் போன கதை

அந்தத் தேசியப் பூங்காவில் ஜீப் ஓட்டியவருக்கு வாய்தான் முதல். ஒரு மிருகமும் கண்ணில் படாத நாளில்கூட, எல்லாவற்றையும் பார்த்துவிட்ட திருப்தியோடு ஆட்களை அனுப்பிவைப்பார். ஒரு புதர் ஆடினால் போதும். "கரடி! இப்பத்தான் உள்ள போச்சு! வாலைப் பார்த்தீங்களா இல்லையா?" என்பார். கரடிக்கு அத்தனை பெரிய வால் ஏது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பார்த்தோம் பார்த்தோம் என்று தலையாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'அளப்பு' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். மனிதர் அதற்கும் சிரிப்பார்.

காட்டுத்தீ வந்து அந்தச் சிரிப்பையெல்லாம் துடைத்துக்கொண்டு போனது. மலைச்சரிவு, தங்கும் அறைகள், டிக்கெட் கொடுக்கும் கொட்டகை, உச்சியிலிருந்த காவல் கோபுரம், எல்லாம் கரிக்கட்டை. மேலிடத்தில் பணம் கேட்டால் "பார்க்கலாம்" என்றார்கள். அவர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து சீரமைப்பு நிதி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு செயலாளர். பேச்சில் தேன் ஒழுகும். வசதியுள்ளவர்களை ஜீப்பில் ஏற்றி, எரிந்த இடத்தைச் சுற்றிக் காட்டி, இறங்கும் இடத்தில் நன்கொடைப் பெட்டியை வைப்பது அவருடைய யோசனை. கூட்டிப்போய்ப் பேச யார் இருக்கிறார்கள்? நம்ம ஜீப்காரரை விட்டால் வேறு ஆள் ஏது?

அவரும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். காரணம் இருந்தது. அந்தக் கோபுரத்தில் காவல் இருந்தவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். தீயில் வலது கை வெந்துபோய், வேலையும் போய், வீட்டில் உட்கார்ந்திருந்தார். தினக்கூலி ஆள். கோபுரமே இல்லாதபோது கோபுரத்துக்குக் காவல் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். புதுக் கோபுரம் எழும்பினால் அவரை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று பூங்காவின் வன அதிகாரி ரேஞ்சர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"கவலையே படாதீங்க மாப்பிள்ளை. கோபுரத்தை நான் பேசியே கட்டிடறேன்" என்றார் ஜீப்காரர்.

மாப்பிள்ளை அதிகம் பேசுகிறவர் இல்லை. "சரி மச்சான்" என்றார்.

ஆனால் பாருங்கள், ஆரம்பத்தில் காசு பெயரவே இல்லை. வந்தவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், பையில் கிடந்த சில்லறையைப் போட்டார்கள். கரிந்த மரத்தைப் பார்த்து எத்தனை நேரம்தான் அழ முடியும்? அப்படி இருக்கும்போது ஒருநாள் நகைக்கடைக்காரர் ஒருவர், மொட்டையாக நின்ற கோபுரத்தின் இரும்புக் கால்களைக் காட்டி, "அங்க ஆள் இருந்திருப்பாரே? அவர் பார்க்கலையா?" என்று கேட்டார். ஜீப்காரரிடம் கேள்வி கேட்டால் பதில் முதலில் வரும், யோசனை பின்னால்தான் வரும்.

"இருந்தார் சார். பசி தாங்கலைன்னு சாப்பிடக் கீழ போயிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துல..." என்று சொல்லி, கையை மலை முழுக்க வீசிக் காட்டினார்.

ஜீப்பே உச்சுக் கொட்டியது. "ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவா!" என்று கொதித்தார் நகைக்கடைக்காரர். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பெட்டி நிரம்பிவிட்டது. செயலாளர் ஓடி வந்து ஜீப்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? மாப்பிள்ளை கோபுரத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. புகையை முதலில் பார்த்ததே அவர்தான். வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கூப்பிட்டார். கீழே அலுவலகத்து செட்டில் பேட்டரி செத்துக் கிடந்தது. மர ஏணியில் தீ பற்றும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எரிகிற ஏணியைப் பிடித்துத்தான் இறங்கினார். சாப்பாடா? கோபுரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவது ஜீப்பின் வேலை. அன்றைக்கு ஜீப் ரேஞ்சரின் விருந்தாளிகளுக்கு அருவி காட்டப் போயிருந்தது. மாப்பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இது ஜீப்காரருக்குத் தெரியாதா? அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது! பேட்டரி விஷயத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார், சரி. அதற்காகச் சொல்வதற்கு வேறு எதுவுமா கிடைக்கவில்லை?

பெயரையா சொன்னோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்காகத்தானே இந்தப் பாடெல்லாம் என்றும் நினைத்துக்கொண்டார். கதை நாளுக்கு நாள் கொழுத்தது. சாப்பிடப் போனவர், பிறகு சாப்பிட்டுவிட்டு மர நிழலில் கண்ணயர்ந்தார். அப்புறம் குறட்டையும் சேர்ந்துகொண்டது. ஜீப்காரர் தொண்டையால் குறட்டை விட்டே காட்டுவார். ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் குரலைத் தாழ்த்தி, "எழுந்து பார்த்தா, காடு இல்லை" என்பார். பாவி மனிதர், என்ன திறமை! பணம் கொட்டியது.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு டப்பாவில் சேர்த்துவைத்த சில்லறையைக் கொண்டுவந்திருந்தார்கள். கதை குறட்டைக்கு வந்தபோதுதான், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தங்கை மகளின் முகம் தெரிந்தது. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள், "உங்கப்பாதானேடி கோபுரத்துல இருந்தாரு?" என்று கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜீப்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒட்டவில்லையே! பழகிப்போன வாய் மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

சாயங்காலம் தங்கை வந்தாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"அவ அப்பாகிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'நீ தூங்காம இருந்திருந்தா காடு இருந்திருக்குமாப்பா'ன்னு கேட்டா. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டார். நான்தான் அதெல்லாம் பொய்யுன்னேன். 'மாமா பொய் சொல்வாராம்மா'ன்னு என்னையே திருப்பிக் கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு."

"மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கத்தானேம்மா..."

"கூடப் பிறந்தவன்னு சொல்லிக்கவே கூசுது அண்ணா. பட்டினி கிடந்த மனுஷனை ஊர் முழுக்கச் சாப்பாட்டுராமன் ஆக்கிட்டியே!" என்றவள், அழுதுகொண்டே போய்விட்டாள்.

கோபுரம் எழும்பியது. பெயின்ட் வாசனையோடு பளபளவென்று நின்றது. ஆள் எடுத்தபோது மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை. ஜீப்காரர் ரேஞ்சரிடம் ஓடினார். ரேஞ்சர் செயலாளரைக் கைகாட்டிவிட்டார். செயலாளர் பேச்சில் அதே தேன்.

"காசு கொடுத்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. மறுபடியும் அந்த ஆளையா மேல உக்காரவைக்கப் போறீங்கன்னு. நாங்க என்ன பதில் சொல்றது?"

"சார், அது நான் சும்மா அளந்துவிட்டது சார். அவர் இறங்கவே இல்லை. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். ஆனா அவங்க காசு கொடுத்தது உங்க கதைக்கு. இப்பப் போய் அது பொய்னு சொன்னா, திருப்பிக் கேக்க மாட்டாங்களா? கோபுரத்தைப் பிரிச்சா கொடுக்க முடியும்?"

மறுநாள் ஜீப்காரர் ஜீப்பில் உண்மையைச் சொன்னார். செத்த பேட்டரி, யாருக்கும் கேட்காத வயர்லெஸ், வராத சாப்பாடு, அதைக் கொண்டுபோகாத தான் என்று எதையும் பூசி மெழுகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் திக்கித் திணறிப் பேசினார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் காவல்காரர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"என் தங்கை வீட்டுக்காரர்ம்மா."

"அதானே பார்த்தேன்!" என்றார் அந்த அம்மாள். ஜீப் முழுக்கச் சிரித்தது. கரடி வாலை நம்பிய சனம், இதை நம்பவில்லை.

புகார் போனது. செயலாளர் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தாலாவது தேவலை. கதை சூடாக ஓடிய நாட்களில், வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புவதற்காக அதை அவர் குரலிலேயே பதிவு செய்துவைத்திருந்தார்கள். இப்போது ஜீப்பில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தி அதையே ஓடவிட்டார்கள். "நீங்க ஓட்டினா மட்டும் போதும். இனிமே உங்க இஷ்டத்துக்குக் கதையை மாத்தினா, வேற ஆள் பார்த்துக்குவோம்" என்றார் செயலாளர். தங்கை முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், அவள் வீட்டு அடுப்பு எரிந்தது ஜீப்காரரின் மனைவி ரகசியமாகக் கொடுத்தனுப்பிய சாமான்களில்தான். ஜீப் சம்பளம் நின்றால் இரண்டு வீடும் பட்டினி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குக் கன்று நடும் கூலி வேலை கிடைத்தது, அதுவும் கோபுரத்துக்குப் போகும் பாதையோரத்தில். வெந்த கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு இடது கையால் குழி தோண்டுவார். ஜீப் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறதோ அத்தனை தடவையும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். வேகமாக ஓட்டினால் ஸ்பீக்கரிலிருந்து அவர் காதில் சாப்பாடு விழும், மெதுவாக ஓட்டினால் குறட்டை விழும். ஜீப்காரர் இரண்டையும் செய்து பார்த்தார். முதலில் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

போன வாரம் ஏற்றத்தில் எதிரே லாரி வந்ததால் அந்த இடத்தில் ஜீப்பை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஸ்பீக்கரில் கதை முடிந்திருந்தது. பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் முன்னால் குனிந்து, "டிரைவர், அந்தத் தூங்குமூஞ்சியை அப்புறம் என்ன பண்ணினாங்க?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு கன்றைக் குழியில் இறக்கி மண் தள்ளிக்கொண்டிருந்தார். ஜீப்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். லாரி நகருவதாக இல்லை.

"வேலையைவிட்டுத் தூக்கிட்டாங்க சார்" என்றார்.

"பின்ன? அப்படித்தான் செய்யணும்" என்று பெரியவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அது ஸ்பீக்கரிலிருந்து வந்த குரல் இல்லை, மச்சானே பேசியது என்பதால் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து மண்ணைத் தள்ளினார்.